நகரத்தில் போலீஸுக்குத் துணையாக ராணுவம்: நம் எல்லை ஊர்களுக்கும் வேண்டுமா?

வேலந்தாவளம் மண்டி (இழையைத் தொடங்கியவர்)

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் மார்க்கெட் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே பேச்சு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், வாஷிங்டன் மாதிரி பெரிய நகரங்களில் 2025இல் படையை இறக்கினார்கள் அல்லவா, அந்த வீடியோவை யாரோ போட்டு, "நம்ம ஊருக்கும் இதுதான் வழி" என்று எழுதினார். அதற்குக் கீழே கைதட்டல் குவிந்துவிட்டது. நானும் கைதட்டினேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் பக்கத்து ஊர் அம்மன் நோன்புத் திருவிழாவில் கத்திக்குத்து. குத்தியவன் வாய்க்காலைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டான். இந்தப் பக்கம் ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், "ஆள் அந்தப் பக்கம் போயாச்சே" என்கிறார்கள். அந்தப் பக்கம் கேட்டால், "சம்பவம் உங்க எல்லையில்தானே" என்கிறார்கள். குத்துப்பட்ட பையன் என் கடையில் மூட்டை இறக்குகிறவன். வயிற்றில் பதினெட்டு தையல். அவன் அம்மா என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதபோது எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

ராணுவத்துக்குக் கேரளா, தமிழ்நாடு என்ற பிரிவு இல்லை. உள்ளூர்க் கட்சிக்காரன் போன் செய்தால் கேட்க வேண்டியதில்லை. கஞ்சாவும் கத்தியும் கைமாறுகிற இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் ஒரு வண்டி ராணுவம் வந்து நின்றால் போதும் என்று தோன்றுகிறது. இது சரியா, தவறா? விவரம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

எல்லைத்தோப்பு

நூற்றுக்கு நூறு சரி அண்ணா. 2022 பிப்ரவரியில் மலம்புழா பக்கம் குரும்பாச்சி மலையில் பாறை இடுக்கில் ஒரு இளைஞர் சிக்கிக்கொண்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நாற்பது மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஹெலிகாப்டர் வந்து பார்த்தது, முடியவில்லை. கடைசியில் நீலகிரி வெலிங்டனில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் ராணுவம் வந்து கயிறு கட்டி மேலே ஏற்றியது. அன்று பாலக்காடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. வயநாட்டில் 2024 ஜூலையில் சூரல்மலை மண்ணோடு போனபோது 190 அடி இரும்புப் பாலத்தை ஒன்றரை நாளுக்குள் கட்டி முடித்தவர்கள் மெட்ராஸ் என்ஜினீயர் குரூப். அப்படிப்பட்டவர்கள் நம் தெருவில் நின்றால் எவன் கத்தியை எடுப்பான்?

ஹவில்தார் கொழிஞ்சாம்பாறை

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டையும் கேட்டு எனக்கும் பெருமைதான். இருபத்திரண்டு வருஷம் அந்த உடுப்பைப் போட்டவன் நான். அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம்.

பாறையில் சிக்கியவரை மீட்பதும் பாலம் கட்டுவதும் ஒரு வேலை. அங்கே எதிரே இருப்பது மலை, ஆறு, மழை. தெருவில் எதிரே இருப்பது நம் ஜனம். இரண்டுக்கும் பயிற்சி வேறு. போலீஸ்காரர் கையில் முதலில் இருப்பது லத்தி, அப்புறம் கண்ணீர்ப் புகை, அப்புறம்தான் துப்பாக்கி. எங்களிடம் அந்தப் படிக்கட்டு கிடையாது. கலவரத்தை அடக்கக் கூப்பிட்டால் பெரிய துணியில் அந்த ஊர் மொழியில் எச்சரிக்கை எழுதி விரித்துப் பிடிப்போம், பியூகிள் ஊதுவோம், மாஜிஸ்திரேட் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கூட்டம் கலையவில்லை என்றால் சுடுவதுதான். வானத்தைப் பார்த்துச் சுடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். தாழ்வாக, குறி வைத்து, எத்தனை குறைவாக முடியுமோ அத்தனை குறைவாக. ஆனாலும் அது தோட்டா.

ஒன்று சொல்கிறேன், இதுவரை வீட்டில்கூட அதிகம் சொன்னதில்லை. வடகிழக்கில் ஒரு சின்ன டவுன், ஊரடங்கு போட்ட மூன்றாம் நாள். தெருமுனையில் நான், கூட நான்கு பேர். ஒரு வயதான அம்மா துணியில் எதையோ சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வேகமாக வந்தார். நில்லுங்கள் என்று இந்தியில் கத்தினோம். அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. என் பக்கத்தில் இருந்த பையன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். நான் அதன் குழலைக் கையால் கீழே தள்ளினேன். துணிக்குள் இருந்தது ஒரு பித்தளைப் பாத்திரம். பேரக் குழந்தைக்குப் பால் கேட்டு வந்திருக்கிறார். அந்த ஊர் ஏட்டு ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், அவர் முகத்தைப் பார்த்ததுமே "அட, இன்னார் வீட்டுப் பாட்டி" என்று சொல்லியிருப்பார். அன்று ராத்திரி அந்தப் பையன் சாப்பிடவில்லை. நானும்தான்.

இப்போது கொழிஞ்சாம்பாறையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், செங்கல் சூளையில் இந்தியும் வங்காளமும். வெளியூர்ப் பட்டாளத்துக்காரனுக்கு இதில் யாருடைய கத்தல் கோபம், யாருடையது பயம் என்று எப்படித் தெரியும்?

லாஸ் ஏஞ்சலஸ் பாலக்காட்டான்

ஹவில்தார் ஐயா சொன்னதற்கு நேர்ப் பொருத்தமான சம்பவம் நான் இருக்கும் இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. 1992இல் இங்கே பெரிய கலவரம். போலீஸால் முடியாமல் போய் நேஷனல் கார்டும் (மாநிலங்களின் துணைப் படை) ராணுவமும் மரைன் படையும் வந்தன. காம்ப்டன் பகுதியில் ஒரு வீட்டில் குடும்பச் சண்டை என்று இரண்டு போலீஸ்காரர்கள் மரைன் வீரர்களோடு போனார்கள். கதவுக்கு உள்ளே இருந்து ஒருவன் சிறுரவைத் துப்பாக்கியால் சுட்டான். போலீஸ்காரர் திரும்பி, "என்னைக் கவர் பண்ணுங்கள்" என்று கத்தினார். போலீஸ் பேச்சில் அதற்கு அர்த்தம், துப்பாக்கியை நீட்டித் தயாராக நில்லுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சுடுங்கள். மரைன் பேச்சில் அர்த்தம், நான் நகர்வதற்கு வசதியாக இப்போதே சுடுங்கள். அந்த வீட்டுக்குள் 200க்கு மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். யாரும் சாகவில்லை என்பது தெய்வச் செயல்.

இத்தனைக்கும் இரண்டு பேரும் பேசியது ஒரே மொழி.

இங்கே 1878இல் இருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு, அதாவது கைது, சோதனை, ரோந்து மாதிரி வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. 1807இன் கிளர்ச்சிச் சட்டம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 2025 ஜூனில் குடியேற்றச் சோதனைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, மாநில ஆளுநர் வேண்டாம் என்று சொல்லியும் சுமார் 4,000 நேஷனல் கார்டு வீரர்களையும் 700 மரைன்களையும் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி ஒரு கூட்டாட்சி நீதிபதி, அந்த 1878 சட்டம் மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னார். அரசு அப்பீல் போனது. உங்கள் குழுவில் கைதட்டு வாங்கிய வீடியோவுக்குப் பின்னால் இவ்வளவு வழக்கு இருக்கிறது. சரி, தவறு என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

எல்லைத்தோப்பு

அமெரிக்கா கதை இருக்கட்டும். போலீஸே சரியில்லாத இடத்தில் என்ன செய்வது? தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று சுட்டது போலீஸ்தானே? அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ராணுவம் சுடும் என்று பயப்படுகிறீர்கள், போலீஸ் சுடாதா?

உக்கடம்

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இதில் நான் ஹவில்தார் ஐயாவோடு பாதிதான் ஒத்துப்போகிறேன்.

1997 நவம்பர் கடைசியில் கோவையில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். மறுநாள் போலீஸ்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சாலையில் உட்கார்ந்தார்கள். அடுத்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் எங்கள் முஸ்லிம் சமுதாயத்தில் 18 பேர் போனார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. எந்த உடுப்பைப் பார்த்தால் ஓட வேண்டும், எதைப் பார்த்தால் ஓட வேண்டாம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். காக்கியைப் பார்த்தால் ஓடு. நீலப் புள்ளி போட்ட ஆர்.ஏ.எஃப். (மத்திய அரசின் விரைவு அதிரடிப் படை) என்றால் நின்று பார்க்கலாம்.

அப்புறம் 1998 பிப்ரவரி 14. தொடர் குண்டுவெடிப்பு, 58 பேர் பலி. ராணுவம் வந்தது. வெடிக்காமல் கிடந்த குண்டுகளை ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்களும் சேர்ந்து செயலிழக்க வைத்தார்கள். எங்கள் வீதியில் லாரி லாரியாக வீரர்கள் நின்றபோது அம்மா முதல்முறையாக ஜன்னலைத் திறந்து வைத்தார். அந்தக் காட்சியை மறக்க மாட்டேன். உள்ளூர்ப் போலீஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஜனம் நம்பும்போது, வெளியே இருந்து ஒரு படை வந்து நடுவில் நிற்பது உயிரைக் காக்கும். டெல்லியில் 1984இல் சீக்கியர்களைக் கொன்ற கலவரத்தில், நகரத்துக்குள்ளேயே கன்டோன்மென்ட் இருந்தும் ராணுவத்தை இறக்கத் தாமதித்தார்கள். அரசுக் கணக்குப்படியே 2,733 பேர் பலி. அந்தத் தாமதத்துக்கு என்ன பதில்?

ஆகவே, ராணுவமே கூடாது என்று சொல்லாதீர்கள். ஆனால் மண்டி அண்ணா கேட்கிற மாதிரி வாரம் இரண்டு நாள் என்று வருவது வேறு விஷயம். கோவையில் அவர்கள் சீக்கிரம் திரும்பிப் போனார்கள். போனதால்தான் அந்த நல்ல பெயர் அப்படியே நிற்கிறது.

பொள்ளாச்சி பேத்தி

எங்கள் ஊரில் அந்த நல்ல பெயர் இல்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பொள்ளாச்சிக்கு ராணுவம் வந்ததைப் பற்றி என் தாத்தா சாகும்வரை பேசினார். பிப்ரவரி 12. காந்தி சிலைப் பக்கம் போகக்கூட அவருக்குப் பிடிக்காது. எத்தனை பேர் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு எண் சொல்வார்கள். மாநிலம் முழுக்க எழுபது பேர் அளவில் என்று அரசு சொன்னதை அந்தத் தலைமுறையில் யாரும் நம்பவில்லை. எண்ணிக்கை சரியா, தவறா என்று நான் வாதாட வரவில்லை. அறுபது வருஷம் கழித்தும் பேரன் பேத்தி வரைக்கும் அந்தப் பேச்சு வருகிறது. போலீஸ் தவறு செய்தால் அந்த ஏட்டு, அந்த இன்ஸ்பெக்டர் என்று பெயர் சொல்லி மனு கொடுக்கலாம். லாரியில் வந்து லாரியில் போனவர்களை எங்கே தேடுவது?

போத்தனூர் ஜங்ஷன்

பேத்தி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் பாலக்காட்டு லைனில் ஓடிய அந்த வண்டியை மறந்துவிடக் கூடாது. 1921 நவம்பரில் திரூரில் இருந்து மலபார்க் கிளர்ச்சிக் கைதிகளைக் காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது அறுபதுக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார்கள். மலபாரில் அப்போது ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. எங்கள் ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வரும்.

சித்தூர் வக்கீலம்மா

எல்லாரும் பேசியதைப் படித்தேன். சட்டத்தில் மூன்று வெவ்வேறு விஷயங்களை இந்த இழை ஒன்றாகக் கலக்கிறது, அதைப் பிரித்துவிடுகிறேன். (நம் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா சித்தூர் இல்லை.)

போத்தனூர்க்காரர் சொன்னது ராணுவச் சட்டம். சிவில் அதிகாரத்தையே ஓரம் கட்டுவது. இங்கே பேச்சு அது அல்ல.

கோவையில் நடந்தது சிவில் நிர்வாகத்துக்கு உதவி. இதில் கலெக்டரும் போலீஸும் கோர்ட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், படை உதவிக்கு மட்டும் வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 130, 131, 132 என்று இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 149, 150, 151 ஆகிவிட்டன. முன்பு, சம்பவ இடத்தில் இருக்கிற மிக மூத்த நிர்வாக மாஜிஸ்திரேட் ராணுவத்தைக் கேட்கலாம் என்று இருந்தது. இப்போது மாவட்ட மாஜிஸ்திரேட், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். அதுவும் வேறு வழியில் கலைக்க முடியாத கூட்டம், பொதுப் பாதுகாப்புக்கு அவசியம் என்ற இரண்டும் இருந்தால்தான். கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவுக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ளவே முடியாத நிலையில் ராணுவ அதிகாரி தானாகச் செயல்படலாம். தொடர்பு கிடைத்த நிமிஷத்தில் இருந்து அவர் சொன்னதைக் கேட்க வேண்டும். இவற்றில் எதிலும் "ரோந்து" என்ற சொல் இல்லை. நோன்பில் கத்தி வைத்திருக்கிற நாலு பேருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

இன்னொன்று, பொள்ளாச்சித் தங்கை கேட்டதற்கு. இந்தப் பிரிவுகளின் கீழ் செய்ததற்காக ஒரு ராணுவ வீரர் மேல் வழக்குப் போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். நம் பஞ்சாயத்து உறுப்பினரோ எம்.எல்.ஏ.வோ அதில் ஒன்றும் செய்ய முடியாது. அரசியலமைப்பில் பொது ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மத்தியப் படையை மாநிலத்தில் நிறுத்துவது 1976இல் 42ஆம் திருத்தத்தோடு 2ஏ என்று மத்தியப் பட்டியலில் சேர்ந்தது. நமக்கு எட்டுகிற கையில் இருந்து எட்டாத கைக்கு அதிகாரம் போகிறது. அதைக் கேட்டு வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

மூன்றாவதுதான் மண்டி அண்ணனின் உண்மையான பிரச்சினை. அண்ணா, "ஆள் அந்தப் பக்கம் போயாச்சே" என்று உங்களிடம் சொன்னது தவறு. பிடியாணை இல்லாமல் கைது செய்யத் தகுந்த குற்றத்தில், குற்றவாளியைத் துரத்தி இந்தியாவில் எந்த இடத்துக்குள்ளும் போலீஸ் போகலாம். பழைய சட்டத்தில் 48, புதியதில் 45. வாய்க்கால் ஒரு தடையே இல்லை. "சம்பவம் உங்க எல்லை" என்று அந்தப் பக்கம் சொன்னதும் தவறு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. நமக்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கிற சட்டத்தைச் செய்யச் சொல்லி எழுதிக் கேட்பது.

வேலந்தாவளம் மண்டி

வக்கீலம்மா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதமாக நான் வாய்க்காலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எழுதிக் கேட்டால் செய்வார்களா? ஆள் இல்லை, ஜீப்புக்கு டீசல் இல்லை என்பார்கள். நோன்பு நடக்கும் ராத்திரி ஐயாயிரம் பேர் கூடுகிறோம், வருவது மூன்று போலீஸ்காரர்கள்.

ஹவில்தார் கொழிஞ்சாம்பாறை

ஆள் வேண்டும் என்றால் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்று பாருங்கள். முட்டிக்குளங்கரையில் கேரள ஆயுதப் போலீஸின் இரண்டாம் பட்டாலியன் இருக்கிறது. அந்தப் பக்கம் கோவைப்புதூரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் நாலாம் பட்டாலியன். அதற்கும் மேலே வேண்டுமானால் வெள்ளலூரில் ஆர்.ஏ.எஃப்.பின் 105. அவர்களிடம் கேடயம், லத்தி, கண்ணீர்ப் புகை எல்லாம் இருக்கிறது, கலவரத்துக்கென்றே பயிற்சி. இவ்வளவையும் தாண்டித்தான் எங்களைக் கூப்பிட வேண்டும். உக்கடம் தம்பி சொன்ன மாதிரி ஒரு நாள் வந்தால், தயங்காமல் கூப்பிட வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. என் பயம் எல்லாம், தினமும் டீக்கடை வாசலில் எங்களைப் பார்த்துப் பழகிவிட்டால், அந்த ஒரு நாளில் எங்களைப் பார்த்து யார் கலைந்து போவார்கள் என்பதுதான்.

உக்கடம்

ஐயா, இந்தக் கடைசி வரியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

எல்லைத்தோப்பு

நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சா வண்டி வாளையாறு வழியாகத்தான் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும், வாரா வாரம் பிடிக்கிறார்கள், வாரா வாரம் வருகிறது. ஆனாலும் ராணுவம் என்று சொல்வதற்கு முன்னால் பட்டாலியனைக் கேட்கலாம் என்பது சரி. எனக்கு முட்டிக்குளங்கரை ஞாபகமே வரவில்லை.

சித்தூர் வக்கீலம்மா

மண்டி அண்ணா, எழுதிக் கேட்டால் செய்வார்களா என்றீர்கள். வாயால் கேட்டதற்குப் பதிவு இல்லை, எழுத்துக்கு உண்டு. நாளைக்கு ஏதாவது ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. இரண்டு கலெக்டருக்கும் இரண்டு எஸ்.பி.க்கும் ஒரே மனு. கேட்க வேண்டியவை: நோன்புக்கு முன்னால் இரண்டு பக்கத்து ஸ்டேஷன் அதிகாரிகளும் கமிட்டிக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அன்றைக்கு ஆயுதப் போலீஸில் இருந்து ஆள் வேண்டும். வாய்க்கால் பாலத்தில் இரண்டு மாநிலப் போலீஸும் சேர்ந்து நிற்க வேண்டும். ஜனமைத்ரி (கேரளப் போலீஸின் மக்கள் நட்புத் திட்டம்) பீட் அதிகாரியின் நம்பர் கோவில் வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். குத்துப்பட்ட பையனின் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இருந்தே, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் நம் பகுதியில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

வேலந்தாவளம் மண்டி

எழுதித் தருகிறீர்களா அம்மா? மார்க்கெட் சங்கத்தில் கையெழுத்து நான் வாங்குகிறேன். அந்தப் பையனின் அம்மா முதல் கையெழுத்து.

பொள்ளாச்சி பேத்தி

தமிழ்நாட்டுப் பக்கத்து மனுவை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ரசீது வாங்கி இங்கேயே படம் போடுகிறேன்.

சித்தூர் வக்கீலம்மா

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் வரைவை அனுப்புகிறேன். அடுத்த நோன்பு எப்போது?

வேலந்தாவளம் மண்டி

இன்றையில் இருந்து இருபத்தி மூன்றாம் நாள். திருவிழாக் கம்பம் நட இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.